மூன்றாக வெட்டிய பக்கம்: கூட்ஸியின் 'டைரி ஆஃப் எ பேட் இயர்' பழைய பிரதி வாங்குபவர்களுக்கு

பழைய புத்தகக் கடையில் ஜே.எம். கூட்ஸியின் 'டைரி ஆஃப் எ பேட் இயர்' கையில் சிக்கினால், முதல் பக்கத்தைப் பார்க்காமல் நடுவில் எங்காவது திறந்து பாருங்கள். மெல்லிய கோடுகள் போட்டு பக்கத்தை மூன்றாக வெட்டியிருக்கும். மேலே ஒரு கட்டுரை. நடுவில் ஒரு கிழவர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். அடியில் ஓர் இளம்பெண்ணின் குரல். மூன்றும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் அப்படியே அடுத்த பக்கத்துக்கு ஓடும். அடிக்குறிப்பு என்று நினைத்து ஏமாற வேண்டாம். 2007இல் வந்த இந்த நாவலின் கட்டுமானமே இதுதான். பெயர் பெற்ற எழுத்தாளர், விலையும் மலிவு என்று வாங்கிப்போய், முப்பது பக்கம் தாண்டாமல் ஓரங்கட்டிவிடுபவர்கள் இதற்கு உண்டு. பழைய கடையில் இது முதுகு மடியாமல் புதுசுபோலக் கிடைத்தால், முந்தைய சொந்தக்காரர் எங்கே நின்றிருப்பார் என்று ஊகிக்கலாம்.

கதை சின்னது. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த, உலகறிந்த ஒரு நாவலாசிரியர். வயது 72. சிட்னியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். முழுப்பெயர் கிடையாது, சி என்ற எழுத்துதான். ஒரு ஜெர்மன் பதிப்பகம் வெவ்வேறு நாட்டு எழுத்தாளர்கள் ஆறு பேரைப் பிடித்து, இன்றைய உலகத்தில் என்னதான் கோளாறு என்று மனதில் பட்டதை எழுதித்தரச் சொல்கிறது. நாவல் எழுத இனித் தெம்பில்லை, கருத்து எழுதலாம் என்று சி ஒத்துக்கொள்கிறார். கை நடுங்குகிறது, பார்க்கின்சன் நோய். கையெழுத்து அவருக்கே புரியாத நிலைக்கு வந்துகொண்டிருக்கிறது. பேசிப் பதிவு செய்து, கிறுக்கிய குறிப்புகளையும் கொடுத்தால் தட்டச்சு செய்து தர ஓர் ஆள் வேண்டும். கட்டடத்தின் சலவை அறையில் பார்த்த ஆன்யாவை அந்த வேலைக்குக் கூப்பிடுகிறார். பிலிப்பைன்ஸ் பூர்வீகம், வயது 29. தட்டச்சில் கெட்டிக்காரி என்பதற்காகக் கூப்பிடவில்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், வாசிக்கிற நமக்கும் நடு அடுக்கின் முதல் வரிகளிலேயே தெரிந்துவிடும். அவளோடு வாழும் ஆலனுக்கு 42, முதலீட்டு ஆலோசகன். கிழவரின் கணினிக்குள் வேவு பார்க்கும் மென்பொருள் ஒன்றை நுழைத்து, வங்கியில் எவ்வளவு சும்மா கிடக்கிறது என்று கண்டுபிடித்துத் திட்டம் போடுகிறான். அதற்கு மேல் கதையைச் சொல்வது முறையில்லை.

சி-தான் கூட்ஸி என்று சட்டென்று முடிவு கட்டத் தோன்றும். கூட்ஸி எழுதிய ஒரு நாவலையே சி எழுதியதாக உள்ளே சொல்லியிருப்பதும் அந்த நினைப்புக்குத் தூபம் போடும். கூட்ஸி 1940இல் கேப்டவுனில் பிறந்தவர்; 1983இலும் 1999இலும் புக்கர், 2003இல் நோபல்; 2002இல் ஆஸ்திரேலியா போய் 2006இல் அந்நாட்டுக் குடிமகன் ஆனார். இந்த நாவல் வந்தபோது அவருக்கு 67. சி அவரைவிட ஐந்து வயது மூத்தவர். கூட்ஸி இருப்பது அடிலெய்டில், சி இருப்பது சிட்னியில். ஐந்து வருஷமும் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரும் தள்ளிவைத்து, தன் எதிர்காலக் கிழவன் ஒருவனை நிறுத்திப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டால் வாசிக்க வசதியாக இருக்கும். சுயசரிதை என்று எடுத்துக்கொண்டால் மேல் அடுக்கின் கருத்துகளோடு சண்டை போடுவதிலேயே புத்தகம் முடிந்துவிடும்.

புத்தகம் இரண்டு பாகம். முதல் பாகத்தில் 31 கட்டுரைகள். 2005 செப்டம்பர் 12 முதல் 2006 மே 31 வரை என்று தேதி போட்டிருக்கும். இரண்டாம் பாகத்தில் 24. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய பிரதியைச் சோதிக்கும்போது உதவும். தொடக்கத்தில் இரண்டே அடுக்குகள்தான்: மேலே கட்டுரை, கீழே கிழவர். ஆன்யாவின் குரல் சில கட்டுரைகள் தாண்டித்தான் மூன்றாவதாக வந்து சேரும். ஆகவே ஆரம்பப் பக்கங்களில் ஒரு கோடு மட்டும் இருந்தால் அது அச்சுக் கோளாறு இல்லை. எல்லாப் பக்கத்திலும் மூன்று அடுக்கும் ஒரே அளவில் இருக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். பெரும்பாலும் கட்டுரைதான் அதிக இடம் பிடிக்கும்.

மேல் அடுக்கின் கட்டுரைகள் அரசின் தோற்றத்தில் தொடங்குகின்றன. ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸின் தத்துவத்தை எடுத்து, அதன் பக்கத்தில் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'செவன் சாமுராய்' படத்தை வைத்துப் பேசுகிறார். கிராமத்தைக் கொள்ளையரிடமிருந்து காப்பாற்ற வந்தவர்களே நாளைக்கு வரி வசூலிக்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? பிறகு இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி, பயங்கரவாதம், பல்கலைக்கழகங்கள், விலங்குகளை அறுப்பது, பறவைக் காய்ச்சல், ஆஸ்திரேலியாவில் அகதிகள், அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர், நாடகாசிரியர் ஹெரால்டு பின்டர் என்று போகிறது. ஒன்பதாவது கட்டுரை, பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடித்தவர்களை அமெரிக்கா அடைத்துவைத்த குவாண்டனாமோ சிறை பற்றியது. அரைப் பக்கம்கூட இருக்குமா என்று சந்தேகப்பட வைக்கிற அளவுக்குச் சின்னது, ஆனால் முதல் பாகத்திலேயே மறக்க முடியாதது. யாராவது இதை பாலே நடனமாகப் போட வேண்டும் என்கிறார் சி. கணுக்காலில் சங்கிலி, காதுக்கு அடைப்பு, தலையில் கறுப்பு முக்காடு போட்ட கைதிகள் மேடையில் ஆட, காவலர்கள் அவர்களைச் சுற்றி வர வேண்டுமாம். இப்படி ஒரு யோசனை வேறு யாருக்கு வரும்?

ஆனால் அதே பக்கங்களில் கண்ணைக் கீழே இறக்கினால் வேறு ஆள். மேலே உலகத்துக்குத் தீர்ப்பு எழுதும் மனிதர், நடு அடுக்கில் ஆன்யா இன்றைக்கு என்ன உடுத்தி வருவாள் என்று காத்திருக்கிறார். அடி அடுக்கில் அவள் இவரைத் துளிக்கூட விட்டுவைப்பதில்லை. பார்க்கிறார் என்பது தெரிந்து இடுப்பை இன்னும் கொஞ்சம் ஆட்டி நடப்பதையும் அவளே சொல்கிறாள். தட்டச்சு செய்யும்போது அவளுக்கு அலுப்பு வருகிறது. எல்லாம் தெரிந்தவர்போலப் பேசுகிற அந்தத் தொனி, தமிழில் நாம் 'கருத்து கந்தசாமி' என்று நக்கலடிக்கிற அதே தொனி, அவளுக்குப் பிடிக்கவில்லை. அரசியலை விட்டுத்தள்ளும், கிரிக்கெட் பற்றி எழுதும், உம் பழைய நினைவுகளை எழுதும், வெளியே பூங்காவில் திரியும் பறவைகளைப் பற்றியாவது எழுதும் என்கிறாள். இது முதலில் வேடிக்கைப் பேச்சாகத்தான் தெரியும். போகப்போக அந்தப் பேச்சு மேல் அடுக்கை மாற்றத் தொடங்குகிறது. இரண்டாம் பாகத்தின் தலைப்புகளைப் பார்த்தாலே புரியும்: கனவு, அப்பா, முத்தம், மூப்பு, தாய்மொழி, பறவைகள், அலுப்பு, இசையமைப்பாளர் பாக், தஸ்தயேவ்ஸ்கி. ஒரு கிழவர் எழுதும் விதத்தையே பக்கத்தில் இருக்கும் ஓர் ஆள் மாற்றுவதுதான் நாவல். அது எந்த ஓர் அடுக்கிலும் சொல்லப்படுவதில்லை, மூன்றுக்கும் இடையில் நடக்கிறது.

மானம் பற்றிய விவாதத்தை உதாரணமாகப் பாருங்கள். பத்தாவது கட்டுரை தேசிய அவமானம் பற்றியது. தன் பெயரால் தன் அரசு சித்திரவதை செய்யும்போது ஒரு சாதாரண அமெரிக்கக் குடிமகன் அந்தக் கறையிலிருந்து எப்படித் தப்புவது என்று சி கேட்கிறார். அவமானம் ஒருவர் தோளில் வந்து உட்கார்ந்தால் எந்த நியாயத்தாலும் அதை இறக்க முடியாது என்பது அவர் கட்சி. ஆன்யா தனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லி மறுக்கிறாள். குற்றம் செய்தவனுக்குத்தான் அவமானம், யாருக்கு இழைக்கப்பட்டதோ அவருக்கு இல்லை. உம்முடைய காலம் மலையேறிவிட்டது என்கிறாள். மேலே கட்டுரையாக இருந்தபோது அசைக்க முடியாததாகத் தெரிந்த வாதம், கீழே ஒரு ஆளின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டி வரும்போது நொண்டுகிறது. யார் சொல்வது சரி என்று நாவல் தீர்ப்புச் சொல்வதில்லை.

இனி, எப்படி வாசிப்பது. மூன்று வழி இருக்கிறது.

பக்கம் பக்கமாக மூன்று அடுக்கையும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவது முதல் வழி. எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பல இடங்களில் வாக்கியம் பாதியில் நின்று அடுத்த பக்கத்தின் அதே அடுக்கில் தொடரும். கட்டுரையின் வாதம் அறுந்து, நடுவில் ஆன்யாவின் பேச்சைக் கேட்டுவிட்டு, பக்கம் திருப்பும்போது 'எங்கே விட்டோம்' என்று முந்தைய பக்கத்துக்குப் போக வேண்டியிருக்கும். மூன்று பக்கத்துக்கு ஒருமுறை இது நடந்தால் ஆள் களைத்துவிடுவார். பாதியில் நிறுத்துபவர்கள் பெரும்பாலும் இதனால்தான் நிறுத்துகிறார்கள்.

ஓர் அடுக்கை மட்டும் கடைசிவரை படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அடுத்த அடுக்கைப் படிப்பது இரண்டாவது. வேகமாகப் போகும். ஆனால் மேல் அடுக்கை மட்டும் தனியாகப் படித்தால் கையில் இருப்பது கொஞ்சம் பழசாகிப்போன கட்டுரைத் தொகுப்பு. கீழ் அடுக்கை மட்டும் தனியாகப் படித்தால் சுமாரான ஒரு மோசடிக் கதை. முதல் வாசிப்புக்கு இதை வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது வழிதான் சரிவரும். ஒரு கட்டுரையை எடுங்கள். அது முடியும்வரை, இரண்டு பக்கமோ ஏழு பக்கமோ, மேல் அடுக்கை மட்டும் படியுங்கள். பிறகு அந்தக் கட்டுரை தொடங்கிய பக்கத்துக்குத் திரும்பி நடு அடுக்கை அதே தூரத்துக்குப் படியுங்கள். மறுபடி திரும்பி அடி அடுக்கு. அதன்பின் அடுத்த கட்டுரை. இதற்கு இரண்டு அடையாள அட்டை வேண்டும்: ஒன்று கட்டுரை தொடங்கிய இடத்தில், இன்னொன்று முடிகிற இடத்தில். பழைய அழைப்பிதழ் அட்டை ஒன்றைப் பக்கத்தின் அடிப்பாதியில் வைத்து மறைத்துக்கொண்டால் கண் தானாகக் கீழே ஓடாது. கட்டுரை முடிகிற இடத்தில் நடு அடுக்கோ அடி அடுக்கோ பாதி வாக்கியத்தில் தொங்கினால், கவலைப்படாமல் அந்த வாக்கியம் முடியும்வரை அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்புங்கள். ஆன்யா பேசும் கருத்து அதே பக்கத்தின் மேலே இல்லாமல், சில பக்கம் முன்னால் இருப்பதும் உண்டு. அவர் எழுதி, பேசிப் பதிவு செய்து, அவள் தட்டச்சு செய்த பிறகுதானே அவளுக்கு அபிப்பிராயம் வரும்? அந்தத் தாமதம் உறுத்தவில்லை, இயல்பாகவே இருக்கிறது.

இரண்டாம் பாகத்துக்கு வந்ததும் முறையைக் கொஞ்சம் தளர்த்தலாம். கட்டுரைகள் குட்டியாகிவிடும், பலவற்றை ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் கீழே இறங்கலாம். ஆன்யாவின் குரல் நடு அடுக்கிலும் ஏறிவரும். யார் பேசுவது என்று ஒரு கணம் தடுமாறும். அடுக்கின் இடத்தை வைத்துக் குரலை அடையாளம் காணும் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும்.

முதல் பாகத்தில் களைப்பு வந்தால் எதை ஓட்டலாம், எதை விடக் கூடாது? இடதும் வலதும், பிளேர், ஆஸ்திரேலிய அரசியல் வாழ்வு ஆகியவற்றை வேகமாகப் போகலாம். அப்போது அங்கே ஜான் ஹோவார்டு பிரதமர், ஈராக் போர் நடந்துகொண்டிருந்தது என்ற அளவு தெரிந்தால் போதும். பயங்கரவாதம் பற்றிய ஐந்தாவதில், 2005இல் ஆஸ்திரேலியா கொண்டுவந்த சட்டத்தை 1970களின் தென்னாப்பிரிக்காவோடு ஒப்பிடுகிறார்; அந்தக் காலத்தை அனுபவித்தவரின் வயிற்றெரிச்சல் அதில் இருப்பதால் பழசாகவில்லை. 1, 9, 10, 30, 31 ஆகியவற்றைக் கட்டாயம் படியுங்கள். முப்பதாவது, கதையில் எழுத்தாளனுக்கு இருக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பது பற்றியது. தல்ஸ்தோயின் கடைசிக் காலத்தைத் தொட்டுப் பேசி, தன் மேலேயே கத்தி வைக்கிறார். வயதானபின் கருத்து சொல்ல ஆரம்பித்த நாவலாசிரியனைப் பார்த்து 'இவன் எப்போதுமே நாவலாசிரியன் இல்லை போலிருக்கிறதே' என்று ஊர் முணுமுணுப்பதை அவரே எழுதிவைக்கிறார். இதைப் படித்த பிறகு, முன்னால் வந்த 29 கட்டுரைகளின் வறட்சியை அவர் தெரிந்தேதான் விட்டுவைத்தார் என்பது புரியும்.

வறட்சி என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இங்கிலீஷ் கடினமில்லை, கூட்ஸியின் வாக்கியங்கள் சுத்தமானவை, அகராதி அதிகம் தேட வைக்காதவை. ஆனால் முதல் நூறு பக்கம் மேல் அடுக்கில் நகைச்சுவை மிகக் குறைவு. அதைத் தாங்கிப் போவதற்குக் கூலி இரண்டாம் பாகத்தில் கிடைக்கிறது.

அந்த 24 குறிப்புகளில்தான் மூப்பு பற்றி கூட்ஸி எழுதிய மிக நல்ல பக்கங்கள் சில இருக்கின்றன. முதல் குறிப்பு ஒரு கனவு: சி இறந்துவிட்டார், ஆனால் இன்னும் உலகத்தை விட்டுப் போகவில்லை, உயிரோடிருக்கும் ஓர் இளைய பெண் கூடவே நடந்து, அந்த நிலையைப் பழக்கப்படுத்துகிறாள். இதில் அலங்காரம் எதுவும் இல்லை. ஓர் அலுவல் விவரத்தைச் சொல்வதுபோலச் சொல்கிறார், அதனால்தான் பயம் வருகிறது. அப்பாவைப் பற்றிய குறிப்பில், கேப்டவுனிலிருந்து தாமதமாக வந்து சேரும் பொருள்களுக்கு நடுவே அப்பா விட்டுப்போன ஒரு சின்னப் பெட்டி. ஒரு மனிதன் கடைசிவரை எதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தான் என்ற விவரத்திலேயே அப்பாவுக்கும் மகனுக்கும் இருந்த தூரம் தெரிந்துவிடுகிறது. முத்தம் பற்றிய குறிப்பு டாஸ்மேனியாவில் பர்னி என்ற ஊரின் ஹோட்டல் அறைச் சுவரிலிருந்து தொடங்குகிறது. அங்கே மாட்டியிருப்பது, 1950இல் பாரீஸ் தெருவில் முத்தமிடும் ஜோடியை ராபர்ட் துவானோ எடுத்த பிரபலமான புகைப்படம். ஒரு தனியான கிழவர், ஒரு மலிவான சுவரொட்டி, அவ்வளவுதான் சரக்கு. பூங்காவின் பறவைகளைப் பற்றிய குறிப்பில், தன்னை முறைத்துப் பார்க்கும் ஒரு கிழட்டு மேக்பையை அவர் தன் சமவயதுக்காரனாக நடத்துகிறார். இதைத்தானே ஆன்யா எழுதச் சொன்னாள் என்பது நமக்கு ஞாபகம் வரும். அவர் அதைச் சொல்வதில்லை.

கடைசி இரண்டும் பாக், தஸ்தயேவ்ஸ்கி. வாழ்க்கை நல்லதுதான் என்பதற்குத் தன்னிடம் இருக்கும் சிறந்த ஆதாரம் பாக்கின் இசை என்கிறார். நாம் சம்பாதிக்காமல், கேட்காமல், இலவசமாகக் கிடைத்தது. அடுத்ததில், தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் இவான் கரமசோவ் கடவுளிடம் நுழைவுச்சீட்டைத் திருப்பித் தரும் அத்தியாயத்தை எத்தனையாவது முறையோ படித்துவிட்டு அடக்க முடியாமல் அழுகிறார். இவானின் வாதத்தை அவர் ஏற்கவில்லை. வாதத்தை ஏற்காமலே அழ வைக்கிறதே, அது எப்படி என்பதுதான் அவர் கேள்வி. 31 கட்டுரை முழுக்க வாதத்தை மட்டுமே நம்பி எழுதியவர் கடைசியில் இங்கே வந்து நிற்பதைப் பார்க்கத்தான் அந்த நூறு பக்கம்.

நாவலின் பலவீனம் ஆலன். சந்தைதான் எல்லாம் என்று பேசும் பணக்காரத் திமிரை எடுத்து ஓர் ஆளாக நிறுத்தியதுபோல இருக்கிறான். சி-யின் கருத்துகளுக்கு எதிர்க்கட்சி வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டவன். புத்தகம் முடிந்ததைக் கொண்டாட வைக்கும் விருந்தில் அவன் குடித்துவிட்டுப் பேசும் காட்சிக்கு மட்டும் உயிர் உண்டு. கிழவரைப் பற்றி நாம் மனதுக்குள் நினைத்துச் சொல்லாமல் வைத்திருந்த சிலதை அவன் வாய்விட்டுச் சொல்கிறான். மற்ற இடங்களில் பணத் திட்டம் ஒரு தொலைக்காட்சித் தொடரின் கிளைக்கதையாகவே நகர்கிறது. ஆன்யாவும் தொடக்கத்தில் ஒரு கிழவரின் கற்பனை உருவமாகத்தான் வருகிறாள். கூட்ஸி அதைத் தெரிந்தே செய்கிறார் என்றாலும் சில பக்கங்கள் நெளிய வைக்கும். அவள் சண்டை போட ஆரம்பித்ததும் சரியாகிவிடுகிறது.

இப்போது பிரதிக்கு வருவோம். 2007இல் பிரிட்டனில் ஹார்வில் செக்கர், ஆஸ்திரேலியாவில் டெக்ஸ்ட், அமெரிக்காவில் வைக்கிங் பதிப்புகள் வந்தன. பிறகு விண்டேஜ், பெங்குவின் காகித அட்டைப் பதிப்புகள். வாசிக்க மட்டும் என்றால் கெட்டி அட்டைப் பிரதியைத் தேடுங்கள். பக்கம் பெரிது, மூன்று அடுக்குக்கும் மூச்சுவிட இடம் இருக்கும். சேகரிப்பவர் என்றால் பதிப்புரிமைப் பக்கத்தின் எண் வரிசையைப் பாருங்கள்: அந்த வரிசையில் 1 இருந்தால் முதல் அச்சு, மிகச் சிறிய எண் 4 என்றால் நாலாவது அச்சு. பிரிட்டிஷ் பிரதிகளில் இந்த எண்கள் 2, 4, 6 என்று இடப்பக்கமும் 5, 3, 1 என்று வலப்பக்கமும் பிரிந்து இருக்கும். வலது ஓரத்தில் 1 இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எந்தப் பழைய நாவலிலும் ஒரு தாள் போனால் இரண்டு பக்கம் நஷ்டம், கதையை ஊகித்துக்கொள்ளலாம். இதில் ஒரு தாள் போனால் மூன்று சரடும் ஒரே இடத்தில் அறும். ஆகவே வாங்கும்முன் பக்க எண்களைத் தட்டிப் பார்ப்பது அவசியம். அதற்கு நேரமில்லை என்றால் கட்டுரை எண்களையாவது ஓட்டிப் பாருங்கள்: 1 முதல் 31, மறுபடி 1 முதல் 24. முதுகின் மேல்விளிம்பைப் பாருங்கள். தாள்கள் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தால் தைத்த கட்டு, சமமாக வெட்டிய விளிம்பாக இருந்தால் பசை ஒட்டியது. பசை கட்டு எங்கள் ஊர் வெயிலிலும் கடலோர ஈரத்திலும் சில வருஷத்தில் காய்ந்து வெடிக்கும். முதுகில் ஒரே இடத்தில் ஆழமான வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அங்கே பிரித்துப் பாருங்கள். பசை விட்டிருந்தால், பின்னோக்கித் திரும்பித் திரும்பிப் படிக்க வேண்டிய இந்த நாவல் அந்த இடத்தில் இரண்டாகப் பிளந்துவிடும். சாதாரண நாவலைவிட இதில் பக்கங்களைப் பல மடங்கு புரட்டுவோம் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

நகல் எடுத்து ஸ்பைரல் போட்ட பிரதி கிடைத்தால் தொட வேண்டாம். அடுக்குகளைப் பிரிக்கும் கோடு மிக மெல்லியது, நகலில் மங்கிவிடும். அதைவிட மோசம், ஓரம் வெட்டும்போது அடி அடுக்கின் கடைசி வரி போய்விடும். மற்ற புத்தகத்தில் அடி ஓரத்தில் ஒரு வரி போனால் உடனே தெரியும். இதில் வாக்கியங்கள் ஏற்கெனவே பாதியில் தாவுவதால் வரி காணாமல் போனதே தெரியாமல் ஆன்யாவைப் புரியாதவளாக நினைத்துக்கொள்வீர்கள்.

வெளிநாட்டு நூலகங்கள் கழித்துவிட்ட பிரதிகளும் இங்கே வருகின்றன. முத்திரை, உள்ளே ஒட்டிய பை, மேலே பிளாஸ்டிக் உறை இருக்கும். அழகு குறைவு, ஆனால் உறை போட்டிருந்ததால் உள்ளே பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பென்சில் அடிக்கோடு இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், வாங்குங்கள், மென்மையான ரப்பரால் ஒரே திசையில் அழிக்கலாம். ஹைலைட்டர் வேண்டாம், மேல் அடுக்கில் மஞ்சள் அடித்திருந்தால் கண் அங்கேயே இழுக்கும், கீழ் இரண்டும் பின்தங்கிவிடும். தாள் பழுப்பேறியிருப்பது குறை இல்லை. கறுப்பு, பச்சைப் புள்ளிகளோடு ஈரவாடை அடித்தால் பூஞ்சணம். அதை வீட்டு அலமாரிக்குள் விடக் கூடாது. ஓரத்தில் ஒழுங்கற்ற அரிப்பு இருந்தால் ராமபாணம். ஒரு வாரம் தனியாக வைத்து, வெயில் நேரடியாகப் படாத காற்றோட்டமான இடத்தில் பக்கங்களை விசிறிவைத்துவிட்டு, உலர்ந்த தூரிகையால் துடைத்த பிறகு மற்ற புத்தகங்களோடு சேருங்கள்.

இணையத்தில் பழைய பிரதி வாங்குவதென்றால் விற்பவர் போட்டிருக்கும் அட்டைப்படத்தை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் பொதுப்படம். பதிப்புரிமைப் பக்கம், முதுகு, நடுவில் மூன்று அடுக்கும் தெரியும் ஒரு முழுப் பக்கம், கடைசிப் பக்கம் ஆகிய நாலுக்கும் படம் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடலாம்.

மின்னூல் மலிவு என்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எழுத்தின் அளவை மாற்றினால் பக்கமும் மாறிவிடும் கோப்பில், பக்கம் என்ற ஒன்றே நிலையாக இல்லை. இந்த நாவலோ பக்கத்தின் மேல்தான் நிற்கிறது. அச்சுப் பக்கம் அப்படியே படமாக இருக்கும் கோப்பு என்றால் பெரிய திரையில் ஒப்பேற்றலாம், கைபேசியில் நடக்காது.

விலைக்கு என் கணக்கு: நல்ல பிரதி என்றால் புதிய காகித அட்டைப் பதிப்பின் விலையில் பாதி வரை கொடுக்கலாம், அடிக்கோடும் முதுகு மடிப்பும் இருந்தால் மூன்றில் ஒன்று. எடைக்குப் புத்தகம் விற்கும் கண்காட்சியில் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், இருநூற்றுச் சொச்சம் பக்கம்தான், கனமே இருக்காது. அதே அடுக்கில் கூட்ஸியின் 2003ஆம் ஆண்டு நாவல் 'எலிசபெத் காஸ்டெல்லோ'வும் இருந்தால், அதிலும் வயதான ஒரு நாவலாசிரியை ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு ஆற்றுகிறார், வாதம் இன்னும் கடுமை, கதை இன்னும் குறைவு. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் முதலில் 'டைரி'யை எடுங்கள். கூட்ஸியையே இதற்குமுன் படித்ததில்லை என்றால் இரண்டையும் வைத்துவிட்டு, அவருக்கு இரண்டாவது புக்கர் வாங்கித் தந்த 'டிஸ்கிரேஸ்' அங்கே இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.